நெருப்புக்கோழியின் ஒற்றைச் சாக்ஸ்

நத்தைக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய மாமா. அவள் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் தான் குளித்து, சாப்பிட்டு, செய்தித்தாளையும் படித்துவிடுவதாக அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சுத்தப் பொய். மாமா குளிக்கப் போனால் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால்தான் வெளியே வருவார். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் வகுப்பில் டீச்சரே வாய் தவறி, "நத்தை, நீ எழுந்து வாசி" என்று சொல்லிவிட்டார்.

நத்தை ஒன்றும் சோம்பேறி இல்லை. எதையும் நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். சுவரில் எறும்பு ஏறினால், அது எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் நகர முடியாது. மற்ற வீடுகளில் இதற்குத் திட்டு விழும். அவள் வீட்டில் விழாது. அங்கே பெரியவர்களின் வேலையும் அதுதான்.

அவர்கள் கார்ட்டூன் படம் எடுத்தார்கள்.

கம்ப்யூட்டரெல்லாம் வராத காலம் அது. திரையில் ஒரு பறவை நடக்க வேண்டுமானால், அது நடப்பதைக் கையால்தான் வரைய வேண்டும். காலைக் கொஞ்சம் தூக்கியது ஒரு படம், இன்னும் கொஞ்சம் தூக்கியது அடுத்த படம் என்று வரைந்துகொண்டே போக வேண்டும். பறவை வாசலைத் தாண்டுவதற்குள் வரைகிறவருக்கு விரல் வீங்கிவிடும். அந்த ஊரில் அதற்குமுன் யாரும் இப்படிப் படம் எடுத்ததில்லை. அதனால் யாரிடமும் போய்க் கேட்டுக் கற்றுக்கொள்ளவும் வழியில்லை.

ஆரம்பத்தில் ரொட்டிக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறைதான் இருந்தது. அம்மா வரைவார். அப்பா காமிராவைப் பார்த்துக்கொள்வார். மாமா வண்ணம் பூசுவார், எல்லாப் பிராணிகளுக்கும் குரல் கொடுப்பார், கேட்காமலே யோசனையும் சொல்வார். தாளைக் கீழே வைத்து மேலிருந்து படம் பிடிக்க, காமிராவுக்கு உயரமான ஒரு தாங்கி தேவைப்பட்டது. அப்பா தங்கள் கட்டிலின் கால்களை அறுத்து அதைச் செய்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் காமிரா உயரத்தில் நின்றது, அம்மாவும் அப்பாவும் தரையில் படுத்தார்கள்.

முதலில் எடுத்தது சோப்பு விளம்பரம். ஒரு சோப்புக்கட்டி இடுப்பை வளைத்து ஆடும், வழுக்கி விழும், எழுந்து வணக்கம் சொல்லும். அரை நிமிடம்கூட ஓடாது. ஆனால் அதைப் பார்த்த தியேட்டர்காரர் ஒரு நாள் படியேறி மேலே வந்தார். சிரிக்கவே தெரியாதவர் என்று ஊரில் பெயர் வாங்கிய மனிதர் அவர். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சோப்பு போதும், பத்து நிமிடத்துக்கு ஒரு முழுக் கதை எடுத்துக் காட்டுங்கள், பிடித்திருந்தால் எல்லாப் பெரிய படத்துக்கும் முன்னால் போடுகிறேன், அடுத்தடுத்து எடுக்கவும் சொல்கிறேன் என்றார்.

அவ்வளவுதான். வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

ஒரு அறை மூன்று அறையானது. பிறகு மாடி முழுவதுமே ஸ்டுடியோ ஆனது. புதிய மேஜைகள் வந்தன, புதிய ஆட்கள் வந்தார்கள். மரங்களை மட்டும் வரைய ஒருவர். அம்மா வரைந்ததைக் கண்ணாடித் தாளில் மையால் நகல் எடுக்க இருவர். முன்பெல்லாம் நத்தை எங்கே உட்கார்ந்தாலும் அம்மாவின் முதுகு தெரியும். இப்போது அம்மாவைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

புதிதாக வந்தவர்களில் நத்தைக்கு மிகவும் பிடித்தது கேக் அக்காவைத்தான்.

கேக் அக்கா கீழே ரொட்டிக்கடையில் கேக்கின் மேல் கிரீமால் பூப்போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர். கை ஆடாமல் அவர் ஒரே இழுப்பில் எழுதுவதை அம்மா பார்த்தார். அன்று மாலையே, வண்ணம் பூச மேலே வருகிறாயா என்று கேட்டுவிட்டார். முதல் நாள் பழைய பழக்கத்தில் அக்கா விரலில் பட்ட நீல வண்ணத்தை நக்கிப் பார்த்துவிட்டார். அன்று முழுவதும் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் மாமா சிரித்தார்.

ஆனால் நத்தைக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. கேக் அக்கா ஒரு தடவைகூட அவளிடம் "சீக்கிரம்" என்று சொன்னதில்லை. அவரே மெதுவாகத்தான் வேலை செய்வார். நத்தை பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும். கண்ணாடித் தாளின் முன்பக்கம் கறுப்புக் கோடு இருக்கும். வண்ணத்தை அதே பக்கம் பூசினால் கோடு மறைந்துபோகும். அதனால் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பூச வேண்டும். பூசி முடித்துத் தாளைத் தூக்கிப் பார்த்தால், கோட்டுக்குள் வண்ணம் கொஞ்சமும் வழியாமல் நிற்கும்.

எடுத்த கதை ஒரு நெருப்புக்கோழியைப் பற்றியது. அதற்கு முழங்கால் வரைக்கும் ஒரு ஜோடி சிவப்பு சாக்ஸ். காற்று ஒன்றை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நெருப்புக்கோழி வலது காலில் மட்டும் சாக்ஸோடு, மலை ஏறி, பாலம் தாண்டி, சந்தைக்குள் நுழைந்து, இன்னொன்றைத் தேடிப் போகிறது. கடைசியில் பார்த்தால், அந்த சாக்ஸுக்குள் ஒரு குருவிக் குஞ்சு கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்ப மனசு வராமல், நெருப்புக்கோழி ஒற்றைச் சாக்ஸோடே வீட்டுக்குத் திரும்புகிறது.

வண்ணம் பூசுவதை மாமாவும் கேக் அக்காவும் கட்டுக் கட்டாகப் பிரித்துக்கொண்டார்கள். வீடு மாமாவுக்கு, மலை அக்காவுக்கு, பாலம் மாமாவுக்கு, சந்தை அக்காவுக்கு, வீடு திரும்புவது மறுபடி மாமாவுக்கு. அக்கா ஒரு நிமிடம்கூட வீணாக்காமல், சுவரில் அம்மா குத்திவைத்த மாதிரிப் படத்தைப் பார்த்துப் பார்த்து, கண்ணும் கருத்துமாகப் பூசினார்.

நத்தைக்கும் அவள் தம்பி வாலுவுக்கும் ஒரு வேலை இருந்தது. வாலுவுக்கு ஐந்து வயது. ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். கண்ணாடித் தாள்கள் எளிதில் கிடைக்கிற பொருள் இல்லை. அதனால் அப்பா ஒரு கட்டைப் படம் பிடித்து முடித்ததும், இவர்கள் இருவரும் அந்தத் தாள்களைத் தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவிக் காயவைப்பார்கள். அதே தாளில் அடுத்த கட்டு வரையப்படும். மலை கழுவிய தாளில் பாலம், பாலம் கழுவிய தாளில் சந்தை என்று படம் வளர்ந்தது.

தியேட்டர்காரர் வர ஒரு வாரம் இருக்கும்போது பிலிம் கழுவித் தயாராகி வந்தது. எல்லோரும் பெரிய அறையில் கூடினார்கள். சன்னல்களை மூடி, சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, அப்பா புரொஜெக்டரை ஓடவிட்டார்.

நெருப்புக்கோழி வீட்டிலிருந்து கிளம்பியது. என்ன அழகான நடை! மரம் வரைகிறவர் கைதட்டினார். கேக் அக்கா நத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நெருப்புக்கோழி மலை ஏற ஆரம்பித்தது. வலது காலில் இருந்த சிவப்புச் சாக்ஸ் இடது காலுக்குப் போயிருந்தது.

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார். பாலத்தில் சாக்ஸ் மறுபடி வலது காலுக்கு வந்தது. சந்தையில் மறுபடி இடது கால். நெருப்புக்கோழி ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்தபோது இது யார் கண்ணிலும் படவில்லை. சேர்த்து ஓட்டியபோதுதான் தெரிந்தது.

வாலு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். நிஜமாகவே ஸ்டூலிலிருந்து விழுந்தான்.

அப்பா புரொஜெக்டரை நிறுத்தினார். சன்னலைத் திறந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. கேக் அக்காவுக்கு மட்டும் பேயறைந்தது போல் முகம் வெளுத்துவிட்டது.

"மலையும் சந்தையும் நான் பூசினது" என்றார் மெதுவாக.

மறுபடி பூசலாமே என்று மரம் வரைகிறவர் சொன்னார். எதைப் பூசுவது? மலையும் சந்தையும் எப்போதோ தொட்டிக்குள் கரைந்துபோய்விட்டன. சந்தையைக் கழுவியபோது தண்ணீர் எப்படிச் சிவந்தது என்று நத்தைக்கு நன்றாக நினைவிருந்தது. மறுபடி நகல் எடுத்து, மை போட்டு, வண்ணம் பூச ஒரு மாதமாவது ஆகும். தியேட்டர்காரர் ஒரு மாதம் காத்திருக்கிற ஆள் இல்லை.

மாமா யோசனைகளை அள்ளிவிட்டார். மலை முழுவதும் மூடுபனி போட்டுவிடலாம் என்றார். சந்தைக்குள்ளும் மூடுபனியா என்று அப்பா கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வழி, அந்த இரண்டு துண்டுகளையும் வெட்டி எறிவதுதான். ஆனால் வெட்டினால் நெருப்புக்கோழி வீட்டு வாசலிலிருந்து ஒரே தாவலில் பாலத்தில் போய் விழும், பாலத்திலிருந்து குருவிக் குஞ்சிடம் போய் விழும். பத்து நிமிடப் படம் நாலு நிமிடமாகிவிடும்.

  தியேட்டர்காரருக்குப் படம் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று நத்தைக்குத் தெரியும். பழையபடி ஒரே அறை, பழையபடி சோப்பு. புது மேஜைகள் போய்விடும். மேஜையில் உட்கார்ந்தவர்களும் போய்விடுவார்கள்.

கேக் அக்கா அதுவரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் நத்தை ரொட்டி வாங்கக் கீழே போனால், அவர் பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒரு கேக்கில் ரோஜாப் பூ போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, மேல வரலையா?"

"இங்கயே இருந்துடறேன் கண்ணு. கேக்ல தப்பு பண்ணா யாருக்கும் தெரியாம தின்னுடலாம். அங்க தப்பு பண்ணா ஊரே உட்கார்ந்து பார்க்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. 

"நீங்க பார்க்காமப் பூசியிருக்க மாட்டீங்க அக்கா."

"எங்க பார்க்காம இருந்தேன்? சுவத்துல இருந்த படத்துல 'வலது கால் சிவப்பு'ன்னு எழுதியிருந்துச்சு. ஒவ்வொரு தாள் எடுக்கும்போதும் வலது கால், வலது கால்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான் பூசினேன். கை என்னமோ மாத்திப் போட்டிருக்கு. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை, விடு."

நத்தை ரொட்டியை வாங்க மறந்துவிட்டு மேலே போனாள்.

அக்காவின் கை மாற்றிப் போடாது. மாமாவின் கை என்றால் நம்பலாம். அக்காவின் கையை மணிக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். வேறு எங்கோ கோளாறு இருக்கிறது.

அவள் கேக் அக்காவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே சுவரில் அம்மாவின் மாதிரிப் படம். நெருப்புக்கோழி வாசல் பக்கம் பார்த்தபடி நிற்கிறது. கீழே அம்மாவின் கையெழுத்தில், வலது கால் சிவப்பு. நத்தை மேஜையில் கிடந்த ஒரு கண்ணாடித் தாளை எடுத்தாள். மையால் கோடு மட்டும் போட்ட தாள் அது. அதை அக்கா செய்வதுபோலத் திருப்பிப் போட்டாள்.

இப்போது நெருப்புக்கோழி சன்னல் பக்கம் பார்த்தது.

நத்தை தாளைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். பிறகு, "வாலு, இங்க வா. உன் சிவப்பு சாக்ஸ் ஒண்ணை மட்டும் வலது கால்ல மாட்டிக்கிட்டு வா" என்று கூப்பிட்டாள்.

எதற்கு என்றெல்லாம் வாலு கேட்க மாட்டான். ஒற்றைச் சாக்ஸோடு ஓடி வந்தான். அவனை வாசல் பக்கம் பார்க்க நிற்க வைத்தாள். சிவப்புக் கால் அவளுக்குக் கிட்டே இருந்தது.

"இப்ப அப்படியே சன்னல் பக்கம் திரும்பு."

வாலு திரும்பினான். இப்போது சிவப்புக் கால் அந்தப் பக்கம் போய்விட்டது. அவளுக்குக் கிட்டே இருந்தது வெறுங்கால்.

நத்தைக்குப் புரிந்துவிட்டது. தாளைத் திருப்பினால் பறவையும் திரும்பிவிடுகிறது. கிட்டே இருக்கும் வலது கால், இடது கால்போலத் தெரிகிறது. மாமா பழைய ஆள். வலது இடது என்று யோசிக்காமல், நமக்குக் கிட்டே இருக்கும் காலில் பூசிவிட்டுப் போவார். கேக் அக்கா எழுதியிருந்ததை மதித்து, யோசித்து, திரும்பிய பறவையின் வலது காலைத் தேடிப் பூசியிருக்கிறார். சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான்.

"அக்கா, சாக்ஸ் எங்க போச்சு?" என்றான் வாலு. அவனை யாரும் நடிக்கச் சொல்லவில்லை, அவனாகவே விளையாட்டை எடுத்துக்கொண்டான். குனிந்து இடது காலைப் பார்த்தான். கழுத்தை நீட்டி வலது காலைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். பிறகு நத்தையைப் பார்த்து, என்னால் முடியாது என்பதுபோல் தோளைக் குலுக்கிவிட்டு, அதே நெருப்புக்கோழி நடையில் நடந்து போனான்.

நத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நேற்று அதே விஷயம் நடந்தபோது பெரியவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே என்று நினைத்தாள். அப்புறம் சிரிப்பதை நிறுத்தினாள். வாலுவை மறுபடி நடந்து காட்டச் சொன்னாள். இன்னொரு தடவையும் காட்டச் சொன்னாள். நாலாவது தடவைக்கு அவன் ஒரு மிட்டாய் கேட்டான்.

பிறகு அவள் ஓடினாள். நத்தை ஓடுவதைப் பார்த்து நகல் எடுக்கிறவர்கள் இருவரும் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

அம்மா அப்பாவோடு பிலிமை வெட்டும் மேஜையில் உட்கார்ந்திருந்தார். கத்திரிக்கோல் அப்பாவின் கையில் இருந்தது.

"அம்மா, வெட்டாதீங்க. சாக்ஸ் மாறினது நமக்குத் தெரியுது, நெருப்புக்கோழிக்குத் தெரியலை. அதான் தப்பு மாதிரி இருக்கு. அதுவும் பார்த்துடுச்சுன்னா சரியாயிடும்."

"என்ன சொல்றே? மெதுவாச் சொல்லு" என்றார் அம்மா. அந்த வீட்டில் நத்தையிடம் யாரும் இதுவரை சொல்லாத சொல் அது.

நத்தை சொல்லவில்லை. வாலுவை அழைத்துவந்து நடக்கவிட்டாள். வாலு நடந்தான், நின்றான், குனிந்து பார்த்தான், தலையைச் சொறிந்தான், தோளைக் குலுக்கினான். அப்பாவின் உதடு துடித்தது. பின்னால் நின்ற மாமா வெடித்துச் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை, பென்சிலைத் தேடினார். அது அம்மாவின் காதில்தான் இருந்தது.

சாக்ஸ் மாறுகிற இடங்களில் மட்டும் நெருப்புக்கோழி நின்று பார்க்க வேண்டும். அதற்கு வரைய வேண்டியது கொஞ்சம்தான், இந்த வாரத்துக்குள் முடிந்துவிடும். அம்மா அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் நத்தை அவரிடம் மாதிரிப் படத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரு தாளைத் திருப்பிப் போட்டும் காட்டினாள்.

அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் மூன்று பேராக இருந்தபோது இதை எழுதவே தேவைப்படவில்லை என்று மாமா முணுமுணுத்தார்.

"இப்ப நாம மூணு பேர் இல்லையே" என்றார் அம்மா. காதில் பென்சிலோடே படியிறங்கிப் போனார். நத்தையும் பின்னாலேயே போனாள்.

ரொட்டிக்கடையில் இரண்டு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அம்மா அவர்களைத் தாண்டி நேரே கேக் அக்காவிடம் போனார்.

"தப்பு உன்னோடது இல்லம்மா, என்னோடது. தாளைத் திருப்பணும்னு சொன்னேன், திருப்பினா காலும் மாறும்னு சொல்லலை. நீ நான் எழுதினதை அப்படியே செஞ்சிருக்கே. மேல வா. நீ இல்லாம இந்த வாரம் முடியாது."

கேக் அக்கா கையிலிருந்த கிரீம் பையைக் கீழே வைத்தார். அழுவாரோ என்று நத்தை பயந்தாள். அழவில்லை, ஏப்ரனை அவிழ்த்தார். ஆனால் அந்தக் கேக்கை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். யாரோ ஒரு குழந்தைக்கு அன்று பிறந்தநாள்.

அந்த வாரம் மாடியில் யாருக்கும் கை ஓயவில்லை. வாலு ஓர் இடத்தில் நிற்க மாட்டான் என்பதால், பார்த்து வரைய நத்தையை மேஜைமேல் நிற்க வைத்தார்கள். ஒரு காலில் சிவப்பு சாக்ஸ். கழுத்தைக் கொஞ்சம் குனி என்பார் அம்மா. நத்தை கொஞ்சம் குனிவாள். இன்னும் கொஞ்சம் என்பார். இன்னும் கொஞ்சம் குனிவாள். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே மூச்சில் குனிந்து நிமிர்ந்திருக்கும். எறும்பு ஏறுவதைவிட மெதுவாகக் குனிய நத்தையால்தான் முடியும். மாமா அதைப் பார்த்துவிட்டு, இனி ஷூ லேஸைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியம் மறுநாள் காலைவரை நின்றது.

கேக் அக்கா மலையையும் சந்தையையும் தொடவில்லை. புதிதாக வந்த தாள்களுக்கு மட்டும் பூசினார். இப்போது அவர் வாய், கிட்டக் கால், தூரக் கால் என்று முணுமுணுத்தது.

தியேட்டர்காரர் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். அவர் முகம் பூட்டிய கடைபோல இருந்தது. கேக் அக்கா மறுபடி நத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை நத்தையும் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நெருப்புக்கோழி கிளம்பியது. மலை வந்தது. சாக்ஸ் மாறியது. நெருப்புக்கோழி நாலடி நடந்து, சட்டென்று நின்றது. நீளக் கழுத்தை வளைத்து ஒரு காலைப் பார்த்தது. மறு காலைப் பார்த்தது. திரையிலிருந்து நேராகத் தியேட்டர்காரரைப் பார்த்தது. தோளைக் குலுக்கிவிட்டு நடந்தது.

தியேட்டர்காரர் கட்டிய கைகளை அவிழ்த்தார்.

பாலத்தில் சாக்ஸ் மறுபடி மாறியபோது நெருப்புக்கோழி சந்தேகத்தோடு பின்னால் திரும்பி யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தது. சந்தைக்குள் மாறியபோது அதற்குக் கோபம் வந்தது, சிறகால் சாக்ஸைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தது. குருவிக் குஞ்சைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது கடைசியாக ஒரு தடவை மாறியது. நெருப்புக்கோழி குனிந்தும் பார்க்கவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் விட்டது. அந்தப் பெருமூச்சு மாமா விட்டது.

படம் முடிந்தது. தியேட்டர்காரர் சிரிக்கவில்லை. சன்னலைத் திறக்கப் போன அப்பாவைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள். முடிந்ததும் இன்னொரு தடவை என்றார். மூன்றாம் தடவையில், நெருப்புக்கோழி சிறகால் சாக்ஸைப் பொத்தியபோது, முன்வரிசையிலிருந்து பழைய கதவு திறப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. புரொஜெக்டர்தான் மக்கர் பண்ணுகிறது என்று அப்பா பதறிப்போய்க் குனிந்தார். அது தியேட்டர்காரர் சிரித்த சத்தம். பழக்கமில்லாததால் அப்படி வந்தது.

"சாக்ஸ் மாறுற யோசனை யாரோடது?" என்று கேட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அம்மா நத்தையைக் காட்டினார். நத்தை கேக் அக்காவைக் காட்டினாள். கேக் அக்கா அம்மாவைக் காட்டினார். வாலு எழுந்து நின்று, "நான்தான்" என்றான்.

தியேட்டர்காரர் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வருகிற வாரமே படத்தைப் போடுகிறேன், மாதம் ஒரு நெருப்புக்கோழிப் படம் வேண்டும், எல்லாவற்றிலும் சாக்ஸ் மாற வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் படியிறங்குவதை எல்லோரும் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பாதிப் படியில் நின்றார். குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். இடது காலைப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு நத்தை மாடிக்கு வந்தபோது, சுவரில் மாதிரிப் படம் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. ஒன்றில் நெருப்புக்கோழி வாசலைப் பார்த்தது, மற்றதில் சன்னலைப் பார்த்தது. அடுத்த படத்தின் முதல் கட்டு வந்துவிட்டது. மேஜைகளெல்லாம் அப்படியே இருந்தன, ஆட்களும் அப்படியே இருந்தார்கள். நத்தை தன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேக் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அக்கா தூரிகையைச் சிவப்பில் தோய்த்துவிட்டு, தாளுக்கு மேலே கையை நிறுத்தினார்.

"கண்ணு, இந்தத் தாள்ல சரியாப் பூசணுமா, தப்பாப் பூசணுமா?"

நத்தை இரண்டு படங்களையும் பார்த்தாள். அவசரப்படாமல், தாளையும் ஒரு தடவை பார்த்தாள்.

"தப்பாத்தான் அக்கா" என்றாள். "ஆனா கவனமா."